வால்பாறையில் குரங்கு எச்சம் பொறுக்கிய வாரம்

ஞாயிறு, மலை ஏற்றம்

ஆழியாறு அணையைத் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச் சாவடி. அனுமதிக் கடிதத்தை வாங்கிய காவலர், 'சிங்கவால் குரங்குகளின் எச்சம் சேகரித்தல்' என்ற வரியை இரண்டு தடவை படித்தார். "இதுக்கா மேடம் இவ்வளவு சீலு?" என்றார். இதற்குத்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அது கழித்துவிட்டுப் போனதைத் தொடவும் கடிதம் வேண்டும்.

என் பிழைப்பு ஆடு மாடுகளின் குடற்புழுக்களை டிஎன்ஏ வைத்து அடையாளம் காண்பது. எனக்கு வரும் சாணமெல்லாம் டப்பாவில் அடைத்து, பெயர் எழுதி, மேசைக்கே வந்துவிடும். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு பெண் இப்போது முனைவர் பட்டத்துக்காகக் குரங்குகளின் பின்னால் அலைகிறாள். "அக்கா, ஒரு வாரம் வாங்க. எடுக்கிற இடத்துலயே சரியா எடுத்துட்டா அப்புறம் லேப்ல உக்காந்து அழ வேண்டாம்" என்று கூப்பிட்டாள். லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

அவள் கேட்கும் கேள்வி சின்னதுதான். சிங்கவால் குரங்கின் வயிற்றில் இருக்கும் புழுவும், அந்தக் காட்டை ஒட்டி எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக் குழந்தையின் வயிற்றில் இருக்கும் புழுவும் ஒன்றுதானா? ஒன்று என்றால் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது?

40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் எல்லோரும் போலவே நாங்களும் வண்டியை நிறுத்தி வரையாடு பார்த்தோம். வரையாட்டைவிட நாட்டுக் குரங்குகள்தான் அங்கே அதிகம். ஒரு குடும்பம் கார் கண்ணாடியை இறக்கி சிப்ஸ் நீட்டியது. தாய்க்குரங்கு பாக்கெட்டோடு பிடுங்கிக்கொண்டு தடுப்புச் சுவர் மேல் உட்கார்ந்தது. தின்று முடித்த விரலை அதன் குட்டி நக்க, அதே சுவரில் அவர்கள் தங்கள் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப் போவதில்லை.

வால்பாறை வந்து சேரும்போது இருட்டிவிட்டது. குளிர். நாளைக்கு அதிகாலை வேலை.


திங்கள், புதுத்தோட்டம்

தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவில் தப்பிப் பிழைத்த ஒரு காட்டுத் துண்டு இது. 92 ஹெக்டேர். எஸ்டேட்டுக்குச் சொந்தமான தனியார் நிலம். ஊரிலிருந்து நடந்தே வந்துவிடலாம், பக்கத்திலேயே நெடுஞ்சாலை ஓடுகிறது. இந்த இடத்தில் இத்தனை சிங்கவால் குரங்குகள் இருப்பதை நேரில் பார்க்காதவரை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத விலங்கு. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மரத்தை விட்டு இறங்காது என்று படித்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முதல் ஆளைப் பார்த்தது தகரக் கூரை மேல்! வளர்ந்த ஆண். கூரை ஆணியில் சிக்கியிருந்த ஒரு பிளாஸ்டிக் உறையைப் பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருந்தது.

எங்களுக்கு வழிகாட்டி காடர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு அண்ணன். குரங்குக் கூட்டத்தோடு இவருக்குப் பல வருடப் பழக்கம். ஒவ்வொன்றையும் முகத்தை வைத்தே சொல்கிறார். "அந்தக் காது கிழிஞ்சவ, அவ மகதான் பின்னாடி வர்றது. ரெண்டும் இன்னும் போகலை. இருங்க." போகலை என்றால் எச்சம் போடவில்லை. ஒரே குரங்கிடம் இரண்டு மாதிரி எடுத்து இரண்டு குரங்கு என்று எழுதிவிட்டால் கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும், அதனால் இவருடைய கண்தான் இந்த ஆய்வின் முதல் கருவி. பல ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கருவியின் பெயர் கடைசிப் பத்தியில் நன்றி என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். வாகனத்தில் அடிபட்டுக் குரங்குகள் செத்ததற்கு அப்புறம் என்சிஎஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை செய்த ஏற்பாடு. கூட்டம் கடக்கும்போது வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல ஆளும் நிற்கிறார். பெரும்பாலான குரங்குகள் பாலத்தில் போயின. வயசுப் பையன்கள் இரண்டு மட்டும் தார் ரோட்டில் ஓடின. எல்லாக் கூட்டத்திலும் இப்படி இரண்டு பேர் இருப்பார்கள் போல.

எட்டு மணிக்கு மேல் காது கிழிஞ்சவள் ஒரு காப்பிச் செடிக்குப் பக்கத்தில் வேலையை முடித்தாள். அவள் நகர்ந்து, கூட்டமும் நகர்ந்து, அண்ணன் தலையாட்டிய பிறகுதான் போனோம். முகக்கவசம், கையுறை. நம்மிடமிருந்து அதற்கு எதுவும் போய்விடக் கூடாது என்பதற்காகவும்தான் இது. இருமல் சளியோடு வந்தவர்களை என்னைக் கூப்பிட்ட பெண் காட்டுக்குள் விடுவதே இல்லை.

எச்சம் விரல் நீளம், கரும்பழுப்பு, இரண்டு மூன்று கொட்டைகள், நார், ஒரு வண்டின் பச்சைச் சிறகு. மரக்குச்சியால் நீளவாக்கில் பிளந்தோம். எடுக்க வேண்டியது நடுப்பகுதியை மட்டும். மண்ணில் தானாக வாழும் நுண்புழுக்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. எச்சம் தரையில் பட்ட நிமிடத்திலிருந்து அவை ஏறத் தொடங்கும். நாங்கள் தேடும் மரபணு அவற்றுக்கும் உண்டு. அடிப்பக்கத்திலிருந்து சுரண்டி எடுத்தால், குரங்கின் வயிற்றையே பார்த்திராத ஒரு மண்வாசி நுண்புழு நம் முடிவில் வந்து உட்கார்ந்திருக்கும். அப்புறம் அதற்கு ஒரு கட்டுரையும் வந்துவிடும்.

ஒரு பட்டாணி அளவு 95 சதவீத எத்தனாலில் போகும். திரவம் அதைப்போல மூன்று நான்கு மடங்காவது இருக்க வேண்டும், நன்றாகக் குலுக்க வேண்டும். கட்டியாக நின்றுவிட்டால் நடுவில் அழுகும். இன்னொரு துண்டு 10 சதவீத ஃபார்மலினில், நுண்ணோக்கிக்காக. ஃபார்மலின் முட்டையின் உருவத்தைக் காப்பாற்றும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். எத்தனால் டிஎன்ஏவைக் காப்பாற்றும், முட்டையைக் கொஞ்சம் சுருக்கிவிடும். இரண்டு வேலையையும் ஒரே டப்பாவில் முடிக்கலாம் என்று நினைப்பவர்களை வருடத்துக்கு இரண்டு பேரையாவது ஆய்வகத்தில் பார்க்கிறேன்.

பெயர், நேரம், இடம், ஆணா பெண்ணா எல்லாம் பென்சிலில்தான் எழுதுவது. எத்தனால் பட்டால் பேனா மை போய்விடும்.


செவ்வாய், மழை

விடிந்ததிலிருந்து மழை. மழையில் எச்சம் கரைந்து ஓடிவிடும், குரங்குகளும் அசையாது. வாடகை வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். காலில் ஏறியிருந்த அட்டைகளை உப்பு வைத்து எடுத்தது தவிர வெளி வேலை இல்லை.

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார்: நுண்ணோக்கியில் முட்டையைப் பார்த்தாலே தெரியாதா, டிஎன்ஏ எதற்கு? நியாயமான கேள்வி. கையில் ஒரு பழைய நுண்ணோக்கி இருந்ததால் செய்தே காட்டிக்கொண்டோம்.

உப்பைத் தண்ணீரில் இனி கரையாது என்கிற வரைக்கும் கரைத்து, அதில் எச்சத்தைக் கலக்கி வடிகட்டி, குழாயில் விளிம்பு வரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடி வைப்பது. உப்புத் தண்ணீர் முட்டையைவிடக் கனம். அதனால் முட்டை மிதந்து வந்து சில்லில் ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடம் போதும்.

முதல் சில்லிலேயே சாட்டைப்புழுவின் முட்டை கிடைத்தது. இதை யாரும் தவறவிட முடியாது: பொன் பழுப்பு நிறம், இரண்டு முனையிலும் தெளிவான மூடி போட்ட குட்டி மத்தளம். நீளம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நான் பார்த்ததும் "ட்ரைக்யூரிஸ்" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "எந்த ட்ரைக்யூரிஸ் அக்கா?"

அங்கேதான் நுண்ணோக்கி வாயை மூடிக்கொள்கிறது. மனிதனின் சாட்டைப்புழு ட்ரைக்யூரிஸ் ட்ரைக்யூரா. பன்றிக்கு ட்ரைக்யூரிஸ் சூயிஸ். குரங்குகளில் கண்டதையெல்லாம் நெடுங்காலம் மனிதனின் புழு என்றே எழுதி வந்தார்கள், முட்டை அப்படியே இருந்ததால். மரபணுவைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரே பெயருக்குள் பல வம்சங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. சில வம்சங்கள் குரங்குகளில் மட்டும், சில இரண்டிலும்.

அடுத்த சில்லில் வேறொரு முட்டை. நீள்வட்டம், மெல்லிய ஓடு, உள்ளே சில செல்கள். இது இன்னும் மோசம். கொக்கிப்புழு, குடல் சுவரில் முடிச்சு உண்டாக்கும் ஈசோபாகோஸ்டோமம், ட்ரைக்கோஸ்ட்ராங்கைலஸ், மூன்றுக்கும் கிட்டத்தட்ட இதே முட்டை. நுண்ணோக்கி பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் 'ஸ்ட்ராங்கைல் வகை' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்கள். பழைய முறையில் இதைப் பிரிக்க எச்சத்தை ஒரு வாரம் ஈரமாக வைத்து, முட்டை பொரிந்து புழுக்குஞ்சு வளர்ந்த பிறகு வாலின் நீளத்தை அளப்பார்கள். நான் அதையும் செய்திருக்கிறேன். கண் போய்விடும்.

சாயங்காலம் மழை விட்டது. அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். மத்தளத்தைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது வயித்துல இருந்தா அதுக்கு நோவுமா?" என்று கேட்டார். கொஞ்சமாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. காட்டு விலங்கு வயிற்றில் புழு இருப்பதே நோய் இல்லை. நிறையப் புழு சேர்ந்து, தீனியும் குறைந்து, இடமும் நெருக்கடியானால்தான் ஆளைச் சாய்க்கும். "அப்ப இந்தக் காட்டுல நெருக்கடிதானே" என்றார் அவர்.


புதன், லைன் வீடுகள்

காலையில் நல்ல வேட்டை. கூட்டம் காப்பிக்குள் இறங்கியதால் டப்பாக்கள் வேகமாக நிறைந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மதியம் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியதைத்தான் எழுத வேண்டும்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா ஒருவர், குரங்கு போன வாரம் அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து தொடங்கினார். கதவைத் தாழ் போடாமல் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போக முடியவில்லையாம். "புள்ளைங்களுக்கு வயித்துப் பூச்சி வர்றதே இதுங்களாலதான் கண்ணு. கூரை மேல, தண்ணித் தொட்டி மேல எல்லாம் இருந்துட்டுப் போவுது."

ஆய்வு செய்யும் பெண் உடனே மறுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. "இருக்கலாம்மா. அதைத்தான் பார்க்க வந்திருக்கோம். ஆனா உங்ககிட்டருந்து அதுக்குப் போயிருக்கவும் கூடும்." அம்மா முதலில் முறைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அதுவும் சரிதான். கொழுந்து பறிக்க மேல போற எடத்துல எங்களுக்குன்னு என்ன கட்டி வெச்சிருக்காங்க? செடி மறைவுதான்." தேயிலைக் காட்டில் வேலை செய்யும் பெண்களுக்கு எட்டு மணி நேரம் ஒதுங்க இடம் கிடையாது. அதே சரிவில்தான் குரங்கு பூச்சி தேடி மண்ணைக் கிளறுகிறது. சாட்டைப்புழு, உருண்டைப்புழு இரண்டின் முட்டையும் ஈர மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்து, யார் வாய்க்குப் போனாலும் பரவாயில்லை என்று காத்திருக்கும். கொக்கிப்புழுவின் குஞ்சு வாய்க்காகக்கூடக் காத்திருக்காது, வெறுங்கால் தோல் வழியாகவே ஏறிவிடும்.

பழி யார் மேல் என்பதை ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. ஆய்வாளர்கள் பக்கம் வேறொரு முடிவு இருக்கிறது: ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் ஆனைமலைச் சிங்கவால் குரங்குகளின் எச்சங்களைப் பார்த்து 2013-ல் எழுதிய கட்டுரை, மனித நடமாட்டத்துக்கு அருகில் வாழும் கூட்டங்களுக்குப் புழுச்சுமை அதிகம் என்றது. நல்ல வேலை. ஆனால் சுமை அதிகம் என்பதும், அந்தச் சுமை மனிதனுடைய புழு என்பதும் வேறு வேறு செய்தி. குறுகிய இடத்தில் நிறையக் குரங்குகள் நெருங்கி வாழ்ந்தாலே குரங்குப் புழு குரங்குக்குள்ளேயே பெருகும்.

ராத்திரி இதைப் பற்றியே பேசினோம். ஆப்பிரிக்காவில் இரண்டு கதை உண்டு, இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

வடக்கு டோகோவிலும் கானாவிலும் மனிதர்களுக்கு ஈசோபாகோஸ்டோமம் பைஃபர்கம் என்ற முடிச்சுப்புழு வருகிறது. அங்குள்ள குரங்குகளிலும் அதே பெயருள்ள புழு. குரங்கிலிருந்துதான் வருகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஐடிஎஸ்2 என்ற மரபணுத் துண்டைப் படித்துப் பார்த்தபோது மனிதப் புழுவுக்கும் குரங்குப் புழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றுதான் என்று ஃபைலை மூடியிருக்கலாம். மூடவில்லை. மரபணுத் தொகுதி முழுக்கப் பல இடங்களைத் தொட்டுப் பார்க்கும் ஏஎஃப்எல்பி முறையில் 2000-களின் நடுவில் திரும்பப் பார்த்தார்கள். மனிதனுடையது ஒரு பக்கம், குரங்குகளுடையது வேறு பக்கம் என்று பிரிந்தது. இத்தனை வருடமும் குரங்கு வாங்கிய திட்டு வீண்.

உகாண்டாவின் கிபாலே காட்டுப் பக்கம் 2014-ல் வந்த முடிவு நேர் எதிர். அங்கே இதே முடிச்சுப்புழுவில் மூன்று வம்சங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று பல வகைக் குரங்குகளிலும் இருந்தது, அந்த ஊர் மனிதர்களிலும் இருந்தது. அதுவரை ஒருவருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஆக டோகோவை வைத்து வால்பாறைக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது, உகாண்டாவை வைத்தும் முடியாது. எந்தத் துண்டைப் படிக்கிறோம் என்பதே பாதித் தீர்ப்பு. துண்டை ஆய்வாளர் தேர்ந்தெடுக்கிறார் என்பது செய்தித்தாளில் வராது. 'டிஎன்ஏ சோதனையில் உறுதி' என்றுதான் வரும்.

மதியம் லைன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "குரங்கு வயித்தை மட்டும் பாத்தா போதுமா? எங்க வயித்தையும் பாக்க வேண்டாமா?" இந்தப் பெண்ணின் ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்த பெரியவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையாம்.


வியாழன், ஆண்டிபாறைச் சோலை

ஒப்பிட வேறு மாதிரிக் கூட்டம் வேண்டும். வீடில்லாத, ரோடில்லாத காட்டுக் கூட்டம். அதற்காகச் சரணாலயத்துக்குள் இருக்கும் இந்தச் சோலைக்கு வந்தோம்.

இங்கே சிங்கவால் குரங்கு பாடத்தில் படித்தபடியே நடந்துகொள்கிறது. இருபது முப்பது மீட்டர் உயரத்தில் வெடிப்பலாக் கிளையில் கருப்பாக ஏதோ அசையும், ஒரு முள் பழத்தோல் கீழே விழும், அவ்வளவுதான் தரிசனம். இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது சிறகுச் சத்தம் மட்டும் கேட்டது. கழுத்து வலிக்க நின்றோம்.

மேலேயிருந்து விழும் எச்சம் இலைக்கு இலை பட்டுச் சிதறி, தரைக்கு வரும்போது பொட்டுப் பொட்டாக வரும். ஒரு தடவை அகலமான இலை மேல் நல்ல துண்டு ஒன்று தங்கியது. அதை எடுக்கச் சுற்றிப் போவதற்குள் சாண வண்டுகள் வந்துவிட்டன. நான்கு, ஐந்து, அப்புறம் எண்ண முடியவில்லை. ஒன்று எச்சத்தின் ஓரத்தைத் தலையால் வெட்டி, பின்னங்காலால் உருட்டிக்கொண்டு இலையின் விளிம்புக்கே போய்விட்டது. நாங்கள் பெட்டியைத் திறந்து கையுறை மாட்டும் நேரத்தில் பாதிச் சாம்பிள் மண்ணுக்குள். புதுத்தோட்டத்தில் காப்பிக்கடியில் கிடந்த எச்சம் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தது என்று இப்போது யோசிக்கிறேன். வண்டு புதைத்துவிட்டால் புழு முட்டையும் பெரும்பாலும் ஆழத்துக்குப் போய்விடும், குரங்கின் கைக்குத் திரும்ப எட்டாது. வண்டு குறைந்த காட்டில் முட்டை மேலேயே கிடக்கும். புழுச்சுமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாமே என்று கேட்டேன். நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மாலை வரை அலைந்து கிடைத்தது ஒரு கைப்பிடி டப்பாக்கள். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தரைக்கு வரும் குரங்கிடமிருந்து சுலபமாக நிறைய மாதிரி, மேலேயே இருப்பதிடமிருந்து கொஞ்சம். புழு எல்லா நாளும் முட்டை போடாது. ஒரு குரங்குக்கு ஒரே மாதிரியில் 'இல்லை' என்று வந்தால் அது இல்லை ஆகாது. நிறையத் தேடிய இடத்தில் நிறையக் கிடைப்பது இயல்பு. அதைக் 'கிராமத்துக் குரங்குக்குப் புழு அதிகம்' என்று படித்துவிடக் கூடாது. இந்தப் பெண் இந்தச் சோலைக்கு இன்னும் பல தடவை வர வேண்டியிருக்கும். அதற்குப் பணம் ஒதுக்கியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அது வேறு கதை.


வெள்ளி, இறக்கம்

டப்பாக்களை எண்ணி, மூடியை டேப் சுற்றி, பெட்டிக்குள் நிற்க வைத்தோம். எத்தனாலில் இருப்பதால் ஐஸ் தேவையில்லை. வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும் சரக்கு. அண்ணன் பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, "ரிசல்ட் வந்தா எனக்கும் சொல்லுங்க பாப்பா. போன தடவை வந்தவங்க சொல்லவே இல்லை" என்றார்.

சாவடியில் அதே காவலர். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை, சிரித்தார்.


சனி, கோவை ஆய்வகம்

இன்றைக்கு என் ஊர். மலையில் மூச்சு வாங்கிய எனக்கு இங்கே வேகம் வந்துவிட்டது.

முதலில் எத்தனாலைக் கழுவி நீக்க வேண்டும், மிச்சம் இருந்தால் அடுத்த வேலை ஓடாது. அப்புறம் முட்டையை உடைப்பது. சாட்டைப்புழு முட்டையின் ஓடு மண்ணில் மாதக்கணக்கில் தாங்குவதற்காகவே ஆனது. வெறும் இரசாயனத்துக்கு மசியாது. சின்னச் சின்னப் பீங்கான் மணிகளோடு குழாயில் போட்டு இயந்திரத்தில் அடித்து நொறுக்குவோம். அதற்கு முன் இரண்டு மூன்று தடவை உறைய வைத்து உருக வைத்தால் இன்னும் நல்லது. இதைச் செய்யாமல், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் செய்துவிட்டு 'புழு இல்லை' என்று எழுதுபவர்களுக்கு முட்டையின் ஓடு மட்டும்தான் சாட்சி.

பிரித்தெடுத்த டிஎன்ஏவில் புழுவினுடையது துளி. மீதி குரங்கினுடையது, பாக்டீரியாவினுடையது, அது தின்ற மரத்தினுடையது. கூடவே பித்த உப்பு, பழத்தோலின் துவர்ப்புப் பொருட்கள். இவை பிசிஆர் நொதியை அப்படியே கட்டிப்போடும். வேலை நடக்காததால் வரும் வெறுமையும், புழு இல்லாததால் வரும் வெறுமையும் பார்வைக்கு ஒன்று. அதனால் ஒவ்வொரு குழாயிலும் நமக்குத் தெரிந்த ஒரு டிஎன்ஏவைக் கொஞ்சம் போட்டு அதுவும் பெருகுகிறதா என்று பார்க்கிறோம். பெருகவில்லை என்றால் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துத் திரும்ப ஓட்டுவது.

பிசிஆரைப் பற்றி ஒரு வரி: 95 டிகிரியில் இழைகள் பிரியும், ஐம்பத்துச் சொச்சத்தில் ப்ரைமர் என்ற குட்டி டிஎன்ஏ துண்டு தன் இடத்தைத் தேடி ஒட்டும், 72-ல் நொதி நகல் எடுக்கும். இதையே நாற்பது சுற்று. கேரி மல்லிஸுக்கு 1983-ல் தோன்றிய யோசனை, பத்து வருடத்தில் நோபல் வாங்கியது. இவ்வளவு பெருக்குவதால்தான் தூசியும் பெருகும். என் பக்கத்து மேசையில் வருடம் முழுக்க ஆட்டுப் புழு ஓடுகிறது. அது குரங்குக் குழாயில் விழுந்தால் குரங்குக்கு ஆட்டுப் புழு என்று வந்துவிடும். எச்சமே போடாத வெறும் குழாய் ஒன்றையும் முதல் படியிலிருந்தே கூடவே கொண்டுபோனோம். இரவு, பெருகிய டிஎன்ஏவை ஓடவிட்ட ஜெல்லில் புற ஊதா விளக்கைப் போட்டபோது நான் முதலில் பார்த்தது அந்தக் குழாயின் இடத்தைத்தான். கருப்பாக இருந்தது. அப்புறம்தான் மற்றதைப் பார்த்தேன்: சில இடங்களில் பளிச்சென்று பேண்டு, அதாவது டிஎன்ஏ கோடு, சில இடங்களில் மங்கல், சிலவற்றில் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை மத்தளம் காட்டிய மாதிரி பளிச்சென்று வந்தது.

அவள் துள்ளினாள். பேண்டு என்றால் அந்தக் குடும்பத்துப் புழு இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். யாருடைய புழு என்பது எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் தெரியும். அதுவும் ஒரே வயிற்றில் இரண்டு இனம் இருந்தால், டிஎன்ஏ எழுத்தைப் படிக்கும் வழக்கமான சாங்கர் முறையில் இரண்டு எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழும், படிக்க முடியாது. அந்த மாதிரிகளை ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியாகப் படிக்கும் புதிய முறைக்கு அனுப்ப வேண்டும். செலவு அதிகம்.

எந்தத் துண்டைப் படிப்பது என்பதில் ஒன்பது மணி வரை வாக்குவாதம். ஐடிஎஸ்2 போதும், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், ஒப்பிடச் சுலபம் என்றாள். டோகோவில் ஐடிஎஸ்2 என்ன சொன்னது என்று புதன்கிழமை நீதானே சொன்னாய் என்றேன். மைட்டோகாண்ட்ரியாவின் காக்ஸ்1 வேகமாக மாறும் மரபணு, நெருங்கிய வம்சங்களைப் பிரிக்கும், ஆனால் ப்ரைமர் பல மாதிரிகளில் பிடிக்காமல் போகும். கடைசியில் இரண்டும் என்று முடிவானது. மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டால் பணம் சரியாக வரும்.


திங்கள், திரும்ப வேலைக்கு

கூரியர் போய்விட்டது. எழுத்துகள் வர நாளாகும்.

ஆனால் வரும்போது எதோடு ஒப்பிடுவது? தரவுத்தளத்தில் உலகம் முழுக்க உள்ள மனிதர்களின் சாட்டைப்புழு இருக்கிறது, சீனாவுடையது, உகாண்டாவுடையது. நமக்கு வேண்டியது அந்த லைன் வீடுகளுடையது. குரங்கின் புழு மனிதப் புழு வம்சத்தில் போய் விழுந்தால்கூட, அந்த வம்சம் இன்றைக்கு அந்த வீடுகளில் ஓடுகிறதா என்று தெரியாமல் யார் யாருக்குக் கொடுத்தார் என்று பேசவே முடியாது. அந்த அம்மா வாசலில் கேட்டது இதுதான்.

மனித மாதிரிக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும், புழு இருந்தால் சிகிச்சைக்கு ஏற்பாடும் செய்ய வேண்டும். விண்ணப்பத்தை இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டாள். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் கொடுப்பார்கள். ஒரு மாத்திரைக்கு உருண்டைப்புழு நன்றாகவே போய்விடும், சாட்டைப்புழு அவ்வளவாக அசையாது. மாத்திரைக்கு அப்புறம் போனால் பாதிப் படம்தான் கிடைக்கும். மாத்திரையைத் தள்ளிப்போடச் சொல்வதும் தப்பு, அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன், அவளும் அதையேதான் சொன்னாள். ஜனவரி முடிவதற்குள் அனுமதி கிடைத்தால் உடனே மேலே போகிறோம். கிடைக்காவிட்டால் மழை முடிகிற வரைக்கும் காத்திருந்து, மாத்திரையின் வேகம் அடங்கிய பிறகு.

டப்பா நூறு, மூடி இறுக்கமான வகை, ஆர்டர் போட்டாயிற்று.